மாட்டை விற்ற பிறகு யார் எட்டிப் பார்ப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மதியம் கூட்டம் குறைந்து, சாப்பிடக் கிளம்பலாம் என்று நான் எழுந்த நேரம். ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு தம்பி உள்ளே வந்தார். அம்மா எனக்குப் பத்து வருஷப் பழக்கம். முழங்கால் தேய்மானம், சித்த மருத்துவத்தில் அழல் கீல்வாயு என்போம். அன்னூரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகிறது. இந்தத் தம்பி ஒரே பையன். ஜப்பானில், யோகஹாமாவில் கம்ப்யூட்டர் வேலை. பத்து நாள் லீவில் வந்திருக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வந்த பையனிடம் அந்த ஊர்க் கதையைக் கேட்காமல் விடுவோமா? "ஜப்பான் எப்படி இருக்குது தம்பி?" என்றேன்.

"வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டர். மனுசங்கதான்... எங்க அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடியில ஒரு பெரியவர் தனியா இருந்தாருங்க. செத்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வெளியே தெரிஞ்சுது. அந்த ஊர்ல இது சகஜமாம். பாசமே இல்லாத சனங்கங்க."

அம்மா "அடக் கடவுளே" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன். "தம்பி, நீங்க திரும்பிப் போன பிறகு, அம்மா ஒரு நாள் ராத்திரி பொடக்காணியில வழுக்கி விழுந்துட்டாங்கன்னு வைங்க. எத்தனை நாள்ல உங்களுக்குத் தெரியும்?"

தம்பி வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. அம்மாதான் வேகமாகச் சொன்னார்: "அதெப்படிங்க தெரியாமப் போகும்? காலைல பால் ஊத்தப் போகலைன்னா சொசைட்டியில..." பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாக, "மாட்டைத்தான் வித்துப்போட்டமுங்களே. நீங்கதானுங்க விக்கச் சொன்னீங்க" என்றார்.

உண்மைதான். நான்தான் சொன்னேன். இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். குந்தி உட்கார்ந்து பால் கறப்பதும், சோளத்தட்டு சுமப்பதும், கட்டுத்தரை கூட்டி அள்ளுவதுமாக முட்டி வீங்கிப்போய் வந்தவரிடம், "இனிமே மாடு வேண்டாம்மா, வித்துடுங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். முட்டியை மட்டும் பார்த்தால் அது சரியான யோசனை. இன்றைக்கும் அதே முட்டியோடு வேறொருவர் வந்தால் அதையே சொல்லியிருப்பேன், அந்தச் சனிக்கிழமை வரை. இந்த வட்டாரத்தில் நான் இப்படி விற்க வைத்த மாடுகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சின்னச் சந்தையே கூடும்!

டவுனில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கொங்கு நாட்டில் பால் சொசைட்டி என்றால் பால் அளக்கிற இடம் மட்டுமில்லை. காலையில் ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை, போசியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எழுதுகிறவர் நம்பரைச் சொல்லி லிட்டரை நோட்டில் ஏற்றுவார். வரிசையில் நிற்கிற பத்து நிமிஷத்தில் யார் வீட்டில் கண்ணாலம், யாருக்குக் காய்ச்சல் எல்லாம் தெரிந்துவிடும். ஒரு நேரம் போகவில்லை என்றால், "ஏனுங்க, நேத்துப் பொழுதோட காணமுங்களே?" என்று கேட்பார்கள். பால்காரர் சாளைக்கே வந்து கறந்துகொண்டு போகிற வீடுகளிலும் இதே கதைதான். யாரும் திட்டம் போட்டுச் செய்யாத ஒரு வருகைப் பதிவேடு, தினம் இரண்டு தடவை! மாட்டை விற்ற அன்றைக்கு அந்தப் பதிவேட்டிலிருந்து நம் ஆத்தாவின் பெயர் போய்விடுகிறது. நானும் கவனிக்கவில்லை, பையனும் கவனிக்கவில்லை.

சரி, ஜப்பானுக்கு வருவோம். அங்கே தனியாக இறந்து, கண்டுபிடிக்க ஆளில்லாமல் கிடப்பதற்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது. கொடோகுஷி என்கிறார்கள். 1995-ல் கோபே நகரத்தில் பெரிய பூகம்பம் வந்து, வீடு இழந்த முதியவர்களைத் தற்காலிகக் குடியிருப்புகளில் வைத்தபோது இந்த வார்த்தை பேப்பர்களில் அதிகம் அடிபட ஆரம்பித்தது. பழைய தெரு, பழைய அண்டை வீட்டார், பழைய கடைக்காரர் எல்லாரும் சிதறிப்போய், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் ஒரு அறை. அதில் பல பேர் ஒருவருக்கும் தெரியாமலே இறந்தார்கள்.

அப்புறம் 2000-ம் ஆண்டு வாக்கில் தோக்கியோவை ஒட்டிய மட்சுடோ என்ற ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் 69 வயதுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷம்! வாடகையும் கரண்ட் பில்லும் பேங்க்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தன. பணம் தீர்ந்த பிறகுதான் ஆள் தேடி வந்தார்கள். இப்போது நம் வீடுகளிலும் கரண்ட் பில் போனிலேயே கட்டியாகிறது. பென்ஷன் பேங்க்கில் விழுகிறது. வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முன்பு கரண்ட் ஆபீஸ், போஸ்ட்மேன், கடைக்காரர் என்று நாலு பேர் முகம் பார்க்க வேண்டியிருந்தது.

2024-ம் வருஷக் கணக்கை ஜப்பான் போலீஸ் வெளியிட்டது. வீட்டில் தனியாக இருந்து இறந்தவர்கள் 76,020 பேர். அதில் 65 வயதைத் தாண்டியவர்கள் 58,044. இறந்து எட்டு நாளுக்கு மேல் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை அந்த அரசாங்கம் தனியாக எண்ணியது: 21,856 பேர். உலகத்திலேயே நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் ஒன்று அது. 2025 செப்டம்பரில் நூறு வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 99,763 பேர் இருந்தார்கள். ஆயுளைக் கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு இது ஏன் கைக்கு அகப்படவில்லை?

"பாசமில்லாத சனங்க" என்று அந்தத் தம்பி சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சின்ன வயதிலிருந்து ஊட்டி வளர்க்கும் குணம். வயதான பிறகு அதுவே எதிரியாகிறது. விழுந்தாலும் பக்கத்து வீட்டைக் கூப்பிட மனசு வராது. பிள்ளையிடம் முடியவில்லை என்று சொல்ல வாய் வராது. இது நம்மிடம் இல்லையா? என் மருத்துவமனையில் வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன்: "பையனுக்குச் சொல்லலீங்களா?" "அவனுக்கு எதுக்குங்க தொல்லை? அவனுக்கே ஆயிரம் வேலை." அன்னூரில் பேசுவதும் யோகஹாமாவில் பேசுவதும் ஒரே பேச்சுதான், பாஷைதான் வேறே.

நம் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். 2011 சென்சஸிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாம்தான். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி 1.8 குழந்தை. ஜப்பானில் 2024-ல் 1.15. கொங்குப் பக்கம் "ஒண்ணு போதும், நல்லாப் படிக்க வைக்கலாம்" என்று முடிவெடுத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்த ஒன்று நன்றாகத்தான் படித்தது. சரவணம்பட்டிக்குப் போனது, பெங்களூருக்குப் போனது, யோகஹாமாவுக்கும் போனது. அத்திக்கடவுத் தண்ணீருக்காக எங்கள் பக்கத்துச் சனங்கள் அறுபது வருஷம் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தண்ணீருக்காகப் போராடிய அப்பாருகள் பலர் இன்றைக்குத் தோட்டத்தில் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. தோக்கியோவில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருப்பார். எங்கள் தோட்டத்துச் சாளையில் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆளே கிடையாது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொலையானார்கள். 2025 ஏப்ரல் மாதக் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி. இந்த இரண்டாவது சம்பவம் நடந்து சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அந்தச் "சில நாள்" என்ற இரண்டு வார்த்தையைப் படித்தபோது என் மனசு அங்கேயே நின்றுவிட்டது. கொலைகாரனைப் பிடிப்பது போலீஸ் வேலை. சில நாள் யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தது போலீஸ் விஷயம் இல்லையே.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கேமரா வியாபாரம் சூடு பிடித்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா வீட்டிலும் கேமரா கேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. திருடனுக்காக வைத்தது. நம் பெரியவர்கள் விழுவது பொடக்காணியில், கட்டிலுக்குப் பக்கத்தில், இருட்டில் ஒண்ணுக்குப் போகும்போது. பொடக்காணியில் கேமரா வைக்க முடியுமா?

வைத்தியனாக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். (இடுப்பெலும்பு முறிந்தால் பத்துப் போட்டுக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.) ஆனால் முறிவே இல்லாமல், எழுந்திருக்க மட்டும் முடியாமல் தரையில் கிடப்பதும் ஆபத்துதான். ஒரு மணி நேரம் தாண்டினாலே கெடுதல் ஆரம்பம். உடம்பின் எடை அழுத்துகிற இடத்தில் சதை நசுங்கி, அதிலிருந்து வெளியேறும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர் குடிக்க முடியாது. மார்கழிக் குளிரில் உடம்புச் சூடு இறங்கும். நெஞ்சில் சளி கட்டும். படுக்கைப்புண் ஒரே ராத்திரியில் தொடங்கிவிடும். விழுந்த ஒரு மணி நேரத்தில் தூக்கி உட்கார வைத்தால் உளுந்து தைலத்தோடு முடிகிற விஷயம், பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஐ.சி.யூ.வில் போய் நிற்கும்.

விழாதவர்களுக்கும் தனிமை வேறு விதமாக வேலை செய்கிறது. ஓர் ஆளுக்கு என்று எதற்குச் சமைப்பது? காலையில் ஒரு டம்ளர் அரிசி வைத்து, தயிரும் ஊறுகாயுமாக மூன்று வேளை. பருப்பு கிடையாது, காய் கிடையாது. ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரும் குறைச்சல். பிளட் பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு இப்படிச் சாப்பிட்டால் சில பேருக்கு உடம்பில் உப்புச் சத்து இறங்கிக் குழப்பமாகப் பேசுவார்கள். "ஆத்தாளுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு" என்று அழைத்து வருவார்கள். பாதி பேருக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கும், வயிறுதான் காலி. நான் பாளையங்கோட்டையில் படித்தபோது எங்கள் பாடம், ஆயுளை மூன்றாகப் பிரித்து வாதம், பித்தம், கபம் என்று சொல்லும். கடைசிப் பங்கு கபத்துக்கு. கபம் என்றால் சளி மட்டுமில்லை. மந்தம், கனம், அசைவில்லாமல் தேங்கிப் போவது. பேச ஆளில்லாத வீட்டில் அது இரண்டு மடங்கு வேகத்தில் வரும் என்பது என் அனுபவம். தைலம் தீரவே இல்லை, ஆனால் "தீர்ந்து போச்சுங்க" என்று வந்து, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிமையோடு தொடர்புள்ள சாவுகள் உலகத்தில் வருஷத்துக்கு 8,71,000-க்கு மேல், மணிக்கு நூறு பேர் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஜப்பான்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2000-லிருந்தே முதியோர் பராமரிப்புக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நாற்பது வயதானதும் எல்லாரும் பிரீமியம் கட்ட வேண்டும். வயதான பிறகு குளிக்க வைக்க, சமைத்துக் கொடுக்க ஆள் வீட்டுக்கு வரும். இது நமக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. 2021 பிப்ரவரியில் தனிமைக்கென்று ஒரு மந்திரியையே போட்டார்கள். 2024 ஏப்ரலில் தனிச் சட்டம் வந்தது. ஒரு கம்பெனி 2001-லேயே வெந்நீர்க் கெட்டில் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. பெரியவர் டீ போட அதைத் தொட்டால், வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குச் செய்தி போகும். தொடவில்லை என்றால் பிள்ளை பதறிப் போன் செய்வான்.

எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. யாகுல்ட் என்ற தயிர் பானத்தை அங்கே பெண்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 1972-ல் ஃபுகுஷிமா மாகாணத்தில் ஆரம்பித்து, தனியாக இருக்கிற முதியவர்களுக்குப் பாட்டில் கொடுக்கும்போதே சுகமாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரும் வேலையையும் சேர்த்துக்கொண்டார்கள். பால் சொசைட்டி மாதிரியேதான் இதுவும், பால் மட்டும் எதிர்த்திசையில் போகிறது! இன்னொன்று, அந்த மட்சுடோ குடியிருப்பிலேயே தொண்ணூறு தாண்டிய ஒரு மூதாட்டி செய்தது. 2017-ல் ஒரு வெளிநாட்டுப் பேப்பரில் வந்தது. ராத்திரி ஜன்னலின் காகிதத் திரையை மூடுவார், காலையில் திறப்பார். எதிர்க் கட்டிடத்துப் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தார்: தினம் காலையில் என் ஜன்னலைப் பார், திறக்கவில்லை என்றால் நான் போய்விட்டேன் என்று அர்த்தம். படித்தபோது எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம் வந்தது. எதிர் வீட்டில் வாசல் தெளிக்கவில்லை என்றால் தன் வேலையை விட்டுவிட்டு, "என்ன இன்னும் வாசல் தெளிக்கலே?" என்று போய் நிற்பார். எங்களுக்கு அப்போது அது ஊர் வம்பாகத் தெரிந்தது.

கெட்டிலும் மந்திரியும் இருந்தும் 76,020 என்பதால்தான் சொல்கிறேன், நாம் மெஷினில் ஆரம்பிக்க வேண்டாம். நம்மிடம் வீட்டுக்கு வந்து போகிற ஆட்கள் இன்னும் மீதி இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் அரசு ஆரம்பித்த திட்டத்தில் சர்க்கரை, பிளட் பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் எழுபது வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வரும் தாயுமானவர் திட்டம் வந்தது. மாதத்துக்கு ஒரு முகம். போதாது, ஆனால் வந்தவரை உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்புங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை போன் ஒட்டியிருக்கிற சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மேல் 2007 சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் நான் பேசுகிறது கவனிக்காத பிள்ளைகளைப் பற்றி அல்ல. மாதம் தவறாமல் பணம் அனுப்பி, மாடு வேண்டாம் என்று பாசத்தோடு சொல்லுகிற நல்ல பிள்ளைகளைப் பற்றி.

"கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாமே" என்பீர்கள். சில பேருக்குச் சரிப்படும். என்னிடம் வருகிற பலர் மூன்றே மாதத்தில் கோயமுத்தூர் பிளாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள். காலை எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போனால் சாயந்திரம் ஆறு வரை பூட்டிய கதவுக்குள் டி.வி. மட்டும். "சாளையில காக்காயாச்சும் வருமுங்க" என்றார் ஒரு பெரியவர்.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் மூன்று விஷயம் கேட்டேன். சாவி வேறு யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர் போனில் இருக்கிறதா? இல்லை, வாய்க்கால் தகராறில் பேச்சு வார்த்தை நின்று ஆறு வருஷம். எந்த நேரம் அம்மாவோடு பேசுகிறீர்கள்? "நேரம் கிடைக்கறப்போ பேசுவனுங்க." ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். "அங்கே ஒன்பதரைக்குச் சாப்பிட்டு முடிக்கும்போது இங்கே ஆறு. தினம் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு நிமிஷம் போதும், ஆனா ஒரு நாள் தவறக்கூடாது" என்றேன். எடுக்கவில்லை என்றால் அடுத்த போன் பக்கத்துத் தோட்டத்துக்கு. தகராறா? லீவு முடிவதற்குள் இனிப்பு வாங்கிக்கொண்டு போய்ப் பேசி முடியுங்கள் என்றேன். தம்பி சிரித்தார். போனாராம், அதைப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாடு? மறுபடி வாங்கச் சொல்ல எனக்கு மனசில்லை, முட்டி தாங்காது. தம்பியே ஒரு யோசனை செய்தார். சொசைட்டியில் எழுதுகிறவரைப் பார்த்து, அம்மா தினம் பொழுதோட வந்து அரை லிட்டர் பால் வாங்கிக்கொள்ளட்டும், பேரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இருபது வருஷம் பால் ஊற்றிய அம்மா இப்போது அதே வரிசையில் பால் வாங்க நிற்கிறார். நடப்பதும் முட்டிக்கு நல்லதுதான், சமதரையில் மெதுவாகப் போனால்.

போன வாரம் வந்திருந்தார். தைலம் உண்மையிலேயே தீர்ந்திருந்தது. முட்டி எப்படி என்று கேட்டால் அதை விட்டுவிட்டு வேறு புகார் சொன்னார். "நேத்து மழைங்க, போகலை. அந்தப் பையன் ஏழு மணிக்கு டார்ச் லைட்டும் கையுமா ஆளை அனுப்பிச்சு உட்டுட்டானுங்க. அரை லிட்டருக்குப் போயி இப்படிப் பண்ணுவாங்களா? எனக்கு வெக்கமாப் போச்சு போங்க."